பதினோராண்டு விடுப்பு

வெற்றி பெற்றவர்களின் வரலாற்றையே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். நியூட்டனின் ஆப்பிளும் கலிலியோவின் தொலைநோக்கியும் பள்ளிப் பருவத்திலேயே நமக்கு அறிமுகமாகிவிடுகின்றன. எடுத்த காரியம் கைகூடாமல் வீடு திரும்பியவர்களுக்குப் பாடநூலில் இடமில்லை. அப்படிப்பட்டவர்களுள் ஒருவர் நமக்கு மிக அருகிலுள்ள புதுச்சேரியில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தவர். அவர் பெயர் கில்லோம் லெ ஜாந்தி. ஆங்கில நூல்களைப் படிப்பவர்கள் லெ ஜென்டில் என்பார்கள். வானநூல் உலகில் அவரை அறியாதார் இல்லை. ஆனால் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், உலகத்திலேயே அதிருஷ்டம் கெட்ட வானநூலார் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அவருடைய வரலாற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் அவருக்குச் செய்த தீங்கு சில மணி நேரத் தீங்குதான். மனிதர்களும் அவர்கள் எழுதி வைத்த விதிகளும் செய்த தீங்கு அதைவிடப் பெரிது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் கூத்தான்ஸ் என்னும் ஊரில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அவர் பிறந்தார். பாதிரியாராக வேண்டுமென்று சமயக் கல்வி பயிலப் பாரிசுக்கு வந்தவர், ஒருநாள் தெலீல் என்னும் பேராசிரியரின் வானநூல் சொற்பொழிவைக் கேட்கப் போனார். அந்த ஒரு சொற்பொழிவு அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. (நம் கல்லூரியிலும் வேறு துறை வகுப்பில் எட்டிப் பார்த்துவிட்டுப் பாடத்தையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டல்லவா!) பாரிசு வான் ஆய்வுக்கூடத்தில் காசினி குடும்பத்தாரிடம் பயிற்சி பெற்றார். 1749இல் ஆந்திரமேடா மண்டலத்துப் பெரிய விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் சிறியதொரு துணைக் கூட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று எம் 32 என வழங்கப்படுவது அதுதான். 1753இல் பிரெஞ்சு அரசு அறிவியல் கழகத்தில் அவருக்கு இளநிலை உறுப்பினர் இடம் கிடைத்தது.

இங்கே கழகத்தின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். அதில் உறுப்பினர் பல படிநிலைகளில் இருந்தனர். மேல்படியில் இருந்தவர்களுக்கு மட்டுமே மன்னர் ஆண்டுதோறும் ஊதியம் கொடுத்தார். கீழ்ப்படியில் இருந்தவர்களுக்குப் பெயரும் பெருமையும் உண்டு, ஊதியம் இல்லை. மூத்தவர் ஒருவர் இடம் காலியானால்தான் இளையவர் மேலே போகலாம். பாரிசில் இருந்து கூட்டங்களுக்கு வருவது உறுப்பினர் கடமை. வெளியூரில் நெடுநாள் தங்குவதற்கு மன்னரின் அனுமதி வேண்டும். லெ ஜாந்தியின் கதை முழுவதும் இந்தச் சிறிய விதிகளைச் சுற்றியே நடக்கிறது.

1761 ஜூன் 6ஆம் நாள் வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் குறுக்காகக் கடக்கப் போகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒளித்தட்டின் மீது ஒரு கரும்புள்ளி ஊர்ந்து செல்வது போலத் தோன்றும் அரிய காட்சி அது. எட்டாண்டு இடைவெளியில் இரு முறை வரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் வராது. ஒரே கடப்பை உலகின் பல மூலைகளிலிருந்து பார்த்து, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து ஒப்பிட்டால், பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இலேயே வழி சொல்லியிருந்தார். தாம் அதைக் காண உயிரோடு இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். 1742இல் அவர் இறந்துவிட்டார்.

பாரிசில் உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடிய காரியமா இது? கடல் கடந்து போகவேண்டும். தொலைநோக்கி, ஊசல் கடிகாரம், கோணம் அளக்கும் கால்வட்டக் கருவி எல்லாவற்றையும் ஏற்றிச் செல்லவேண்டும். தனி மனிதன் கைப்பணத்தில் நடக்கிற செலவல்ல. ஆகவே வானநூலார் அரசர்களையும் வணிகக் கம்பெனிகளையும் நாடினார்கள். பிரெஞ்சுக் கழகம் ஷாப் என்பவரைச் சைபீரியாவுக்கும், பெங்க்ரே என்பவரை இந்தியப் பெருங்கடலின் ரொட்ரீக்ஸ் தீவுக்கும், லெ ஜாந்தியைப் புதுச்சேரிக்கும் அனுப்பத் தீர்மானித்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. மன்னரின் உத்தரவு கிடைத்தது. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் இடமும் கிடைத்தது. 1760 மார்ச் 26ஆம் நாள் பிரெஸ்ட் துறைமுகத்தில் அவர் கப்பலேறினார். அப்போது வயது 34. ஒன்றரை அல்லது இரண்டாண்டில் திரும்பிவிடலாம் என்ற நினைப்புடனேயே புறப்பட்டிருப்பார்.

ஆனால் அது போர்க்காலம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் உலகெங்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் மொரீஷியஸ் தீவை அடைந்தவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். போகக் கப்பல் இல்லை. வயிற்றுக்கடுப்பு நோய் வேறு அவரை வாட்டியது. கடைசியில் 1761 மார்ச்சில், புதுச்சேரிக்கு உதவிப்படை கொண்டுசெல்லும் சில்ஃபீட் என்ற போர்க்கப்பலில் தொற்றிக்கொண்டார். பருவக்காற்று எதிர்த்தது. கப்பல் பல வாரங்கள் கடலில் அலைந்தது. மே மாதக் கடைசியில் மலையாளக் கரையோரம் மாஹேயை நெருங்கியபோதுதான் செய்தி வந்தது. மாஹேயும் போயிற்று, புதுச்சேரியும் ஜனவரி மாதமே விழுந்துவிட்டது! கப்பல் தலைவன் திரும்பிவிட முடிவு செய்தான்.

ஜூன் 6ஆம் நாள் லெ ஜாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாகவே இருந்தது. ஆடுகிற கப்பல் தளத்திலிருந்து வெள்ளியின் கடப்பைக் கண்ணாரக் கண்டார். ஆனால் ஊசல் கடிகாரம் கப்பலில் ஓடாது. தாம் இருந்த இடத்தின் தீர்க்கரேகையும் திருத்தமாகத் தெரியாது. இவ்விரண்டும் இல்லாத குறிப்பு கணக்குக்கு உதவாது. கண்டும் காணாதவர் ஆனார்.

அந்த ஆண்டில் மற்ற நாட்டார் பட்ட பாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி மேசன், டிக்சன் என்ற இருவரைச் சுமத்திராவின் பென்கூலனுக்கு அனுப்பியது. அவர்கள் ஏறிய சீஹார்ஸ் கப்பலை, கரையை விட்டுப் புறப்பட்ட சில நாட்களிலேயே பிரெஞ்சுக் கப்பல் ஒன்று தாக்கியது. 11 பேர் இறந்தனர், 37 பேர் காயமுற்றனர். இனிமேல் போகமாட்டோம் என்று இருவரும் எழுதினார்கள். போக மறுத்தால் உங்கள் மீது வழக்குத் தொடுப்போம் என்னும் பொருள்பட சொசைட்டி மிகக் கடுமையாகப் பதில் எழுதியது. உதவிப் பணத்தை வாங்கியவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டாவது போகவேண்டும் என்பது அந்நாளைய விதி. அவர்கள் போனார்கள். பென்கூலனை எட்ட முடியாமல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் நின்று நல்ல முறையில் அளந்து வந்தார்கள். பெங்க்ரேயிடமோ, இவரைத் தொந்தரவு செய்யலாகாது என்று ஆங்கிலக் கடற்படைத் துறையே கொடுத்த பாதுகாப்புச் சீட்டு இருந்தது. அவர் தங்கியிருந்த ரொட்ரீக்ஸ் தீவை ஆங்கிலக் கப்பல்கள் சூறையாடியபோது அந்தச் சீட்டை யாரும் மதிக்கவில்லை.

லெ ஜாந்திக்கு வருவோம். வேறொருவராக இருந்தால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். அவரோ, எட்டாண்டில் மறுபடி வரும் கடப்பைப் பார்த்துவிட்டே திரும்புவது என்று முடிவு செய்தார். இது பிடிவாதம் என்பார் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த முறை இவ்வளவு தூரம் வர மன்னர் மீண்டும் உத்தரவு கொடுப்பாரா, கம்பெனி மீண்டும் இடம் கொடுக்குமா என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். கையிலிருக்கும் அனுமதியை விட்டுவிட்டால் இன்னொன்று கிடைப்பது எளிதன்று. ஒருநாள் கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி வாங்க அலைந்த மாணவர்களுக்கு இது புரியும்.

எட்டாண்டுகளும் அவர் சும்மா இருக்கவில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை ஆராய்ந்தார். காற்று, கடலோட்டம், தாவரங்கள், மக்கள் வழக்கங்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 1769 கடப்பைக் காண எந்த இடம் சிறந்தது என்று கணக்கிட்டு, மணிலாவைத் தேர்ந்து, 1766இல் ஒரு ஸ்பானியக் கப்பலில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தார். இடம் நன்றாகவே இருந்தது. ஆளுநர்தான் நன்றாக இல்லை. லெ ஜாந்திக்காக ஸ்பெயின் அரசவை அனுப்பிய பரிந்துரைக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. இவ்வளவு விரைவில் மாட்ரிட்டிலிருந்து பதில் வர வழியில்லை, ஆகவே இவை போலி என்று ஆளுநர் ஐயுற்றார். கடிதம் தாமதமாக வந்ததால் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். சீக்கிரம் வந்ததால் கெட்டவர் இவர் ஒருவர்தான்!

அதே சமயம், மணிலாவைவிடப் புதுச்சேரியே மேல் என்று பாரிசிலிருந்து கழகத்தின் கருத்து வந்தது. போருக்குப் பின் 1763இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்திருந்தது. அனுப்பியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, 1768 மார்ச் 27ஆம் நாள் அவர் புதுச்சேரியில் இறங்கினார்.

ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரம் அப்போதுதான் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. ஆளுநர் லா த லோரிஸ்தோன் அவரை அன்புடன் வரவேற்றார். இடிந்த கோட்டையின் ஒரு பகுதியின் மேலேயே வான் ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தார். கீழே வெடிமருந்துக் கிடங்கு, மேலே தொலைநோக்கி! நேற்றுவரை எதிரிகளாயிருந்த ஆங்கிலேயர் சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் கொடுத்தனுப்பினார்கள். அரசுகள் சண்டையிட்டாலும் வானநூலாருக்கு இப்படிச் சில கைகள் நீளத்தான் செய்தன.

நம்மவர்க்குச் சுவையான பகுதி இங்கேதான் வருகிறது. கிரகணங்களை நம் நாட்டார் எப்படி முன்கூட்டிக் கணிக்கிறார்கள் என்று அறிய அவர் ஆவல் கொண்டார். தமிழ்க் கணியர் ஒருவர் அவருக்குக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளை இடம் மாற்றி, வியக்கத்தக்க விரைவில் விடையைச் சொல்லிவிட்டார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை இம்முறையில் கணித்தபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடி மட்டுமே குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி மிகையாகக் காட்டியது. லெ ஜாந்தி இம்முறையைத் தாமே உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பின்னாளில் தம் நூலில் விரிவாக எழுதினார். இந்திய வானநூலைப் பற்றி ஐரோப்பிய அறிஞர் சிந்திக்கத் தூண்டிய எழுத்துகளுள் அதுவும் ஒன்று. கற்றுக்கொடுத்த கணியரின் பெயரை நாமெல்லாம் அறியும்படி யாரும் போற்றவில்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய காலத்துப் பெரிய செங்கற்களை மக்கள் தோண்டி எடுத்துப் போவதையும் அவர் பார்த்து எழுதினார். அதுதான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமானியரோடு நடந்த பழம் வாணிகத்தின் சான்றுகளை உலகறியச் செய்தார். கோளைப் பார்க்க வந்தவர் மண்ணையும் பார்த்தார்.

1769ஆம் ஆண்டு மே மாதம் முழுவதும் புதுச்சேரியில் விடியற்காலை வானம் பளிச்சென்று இருந்தது. ஜூன் 4ஆம் நாள் கதிரவன் உதிக்கும்போதே வெள்ளி அதன் முகத்தில் இருக்கும். ஏழு மணியளவில் விலகிவிடும். முந்தின நாள் மாலையும் தெளிவாகவே இருந்தது. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தார். வானம் மூடியிருந்தது. ஐந்து மணியளவில் காற்று வீசிற்று. மேகம் விலகும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்தக் காற்றே மேலும் மேகங்களைக் கொண்டுவந்து குவித்தது. கதிரவன் உதித்தது தெரியவில்லை. வெள்ளி கடந்து போனதும் தெரியவில்லை. எல்லாம் முடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் மேகம் கலைந்து வெயில் அடித்தது. அன்று பகல் முழுவதும் வெயில்!

இரண்டு வாரங்களுக்கு மேல் அவரால் எழுதுகோலைத் தொட முடியவில்லை. பிறகு வந்த செய்தி இன்னும் கொடியது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்ததாம்.

அதே கடப்பைத் தாகித்தித் தீவில் நின்று பார்க்க இங்கிலாந்து கேப்டன் குக்கை அனுப்பியிருந்தது. அந்த ஆண்டின் ஆய்வுச் செலவுக்காக மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ராயல் சொசைட்டிக்கு 4000 பவுன் கொடுத்திருந்தார். முன்பு சைபீரியாவுக்குச் சென்ற ஷாப் இம்முறை கலிபோர்னியத் தீபகற்பத்துக்குப் போய்க் கடப்பை அளந்தார். அங்கே பரவிய கொள்ளைநோயில் ஆகஸ்ட் முதல் நாள் உயிரை விட்டார். பலர் கொண்டுவந்த குறிப்புகளைச் சேர்த்து 1771இல் லாலாந்து கணக்கிட்ட தூரம் ஏறத்தாழ 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர். இன்று நாம் அறிவது 14 கோடியே 96 லட்சம். நெருங்கித்தான் வந்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் லெ ஜாந்தியின் பங்கு ஓர் எண் கூட இல்லை.

திரும்பும் பயணமும் எளிதாக அமையவில்லை. 1770 மார்ச் முதல் நாள் புதுச்சேரியை விட்டார். உடல்நலம் கெட்டு மொரீஷியஸில் பல மாதங்கள் கிடந்தார். அவர் ஏறிய பிரெஞ்சுக் கப்பல் புயலில் சிக்கிச் சேதமடைந்து, 1771 புத்தாண்டு நாளில் அதே தீவுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. கடைசியில் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பல்தான் இடம் கொடுத்து அவரைக் காதிஸ் துறைமுகத்தில் இறக்கியது. அங்கிருந்து தரைவழியாகப் போய் பிரனீஸ் மலையைக் கடந்து, 1771 அக்டோபர் 8ஆம் நாள் தாய்நாட்டு மண்ணை மிதித்தார். புறப்பட்டுப் பதினோரு ஆண்டுகள், ஆறு மாதங்கள், பதின்மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

ஊரில் அவர் செத்துப்போயிருந்தார்! உறவினர்கள் அப்படிச் செய்தி பரப்பிச் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். அவர் எழுதிய கடிதங்கள் பல வந்து சேரவே இல்லை. சொத்தைக் கவனிக்க நியமித்திருந்த முகவர், வசூலித்த பணம் திருடுபோய்விட்டதாகச் சொன்னார். லெ ஜாந்தி வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது.

கழகத்திலோ, நெடுங்காலம் வராதவர் என்பதால் ஓய்வுபெற்ற மூத்தோர் வரிசையில் அவரை ஒதுக்கிவிட்டு, அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அனுப்பியதும் அதே கழகம். மணிலாவை விட்டுப் புதுச்சேரிக்குப் போ என்று கருத்துச் சொன்னதும் அதே கழகம். கழகத்தின் வேலையாகவே கடல் கடந்து போனவரை வராதவர் என்று எப்படி எழுதலாம்? நம் பேராசிரியர்களின் மொழியில் சொன்னால், பணியின் பொருட்டு வெளியூர் சென்ற நாட்களை விடுப்புக் கணக்கில் எழுதி, பிறகு விடுப்பு மிகுந்துவிட்டதென்று நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். அனுப்பும்போது கப்பலில் இடம் கொடுக்க விதி இருந்தது. போரும் காற்றும் நோயும் ஒருவனைத் தாமதப்படுத்தினால் அவன் இடத்தைக் காப்பாற்றி வைக்க விதி இல்லை. அதை எழுதத் தோன்றாதவர்கள் கெட்டவர்களும் அல்லர். திரும்ப இத்தனை காலம் ஆகும் என்று யார் கண்டார்?

இன்றும் இந்தச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. சிலி நாட்டு மலைகளிலும் ஹவாய்த் தீவிலும் உள்ள பெரிய தொலைநோக்கிகளைப் பயன்படுத்த உலகெங்குமிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன. குழு ஒன்று அவற்றை ஆராய்ந்து இரவுகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. பல தொலைநோக்கிகளை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் வசதி வந்துவிட்டது. ஆயினும் குறித்த இரவில் நேரே போய் நிற்கிறவருக்கு மேகம் வந்துவிட்டால் அந்த இரவு போனதுதான். மறு ஆண்டு புதிதாக விண்ணப்பித்து வரிசையில் நிற்கவேண்டும். 2004 ஜூன் 8இல் வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடந்தபோது தமிழ்நாட்டில் பலர் பார்த்தார்கள். 2012 ஜூன் 6இல் இன்னொரு முறை வந்தது. இனி 2117 டிசம்பரில்தான். நம்மில் யாருக்கும் அதற்கு விண்ணப்பிக்கும் வேலை இல்லை.

லெ ஜாந்தி மனம் ஒடிந்து போய்விடவில்லை. மன்னரின் தலையீட்டால் கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார். திருமணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாரிசு வான் ஆய்வுக்கூடத்திலேயே குடியிருந்தார். இந்தியக் கடற்பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1779லும் 1781லும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. புதுச்சேரியும், தமிழர் வழக்கங்களும், சோழிக் கணக்கும் அதில் இருக்கின்றன. 1792 அக்டோபர் 22ஆம் நாள் அவர் காலமானார். அவருக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்த அரசாட்சி அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே ஒழிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் புரட்சி அரசு அந்தக் கழகத்தையும் கலைத்துவிட்டது.